கடைசிக் கட்டத்தில் ஒரு ‘கா’

1

இந்தக் கதை எனக்கு ரூ பஜோல் தெருவில், ஒரு தையல் கடையில் கிடைத்தது. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். தைத்துக்கொண்டே மரியமலர் சொன்னாள். வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: ‘2009 ஜூன். பாரிஸில் நல்ல வெயில்—’

வேண்டாம். அன்றைக்கு வெயிலா மழையா என்று அவளுக்கே நினைவில்லை.

2

இலங்கையில் போர் முடிந்து ஒரு மாதம். மரியமலரின் தம்பி லூசியனைப் பற்றித் தகவல் இல்லை. முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் திரட்டிய பெயர்களை யாரோ தன்னார்வலர்கள் ஓர் இணையப் பக்கத்தில் நீண்ட அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். காணாமற்போன உறவுகளைத் தேடித் தரும் அலுவலகம் ஒன்று பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் இருந்தது. நாலு மணிக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள், பெயர் உள்ள பக்கத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு.

ரூ பிலிப்-து-ஜிராரில் தவரத்தினத்தின் இன்டர்நெட் கடை. அடிக்கடி முடங்கிய அந்த இணையப் பக்கம் மூன்று மணிக்குத்தான் திறந்தது. மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில் அவர் வாசிக்காமலே பிரிண்ட் கொடுத்தார். முப்பத்தொரு தாள் வந்தது. பக்கம் போய்விட்டது.

(முதல் பிரதியில் தவரத்தினத்தைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஓர் எதிராளி வேண்டும் என்ற பேராசை. உண்மையில் அவரும் அந்தத் தாள்களில் யாரையோ தேடினார்.)

3

தலைப்பு வரி முதல் தாளில் மட்டும்தான். மற்றவற்றில் எது வயது, எது ஊர் என்று விரல் வைத்து எண்ண வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் தாளின் அடியில் லூசியன் இருந்தான், பாதியாக. எழுத்துகளின் மேல்பாதி அங்கே. கீழ்ப்பாதி அடுத்த தாளின் உச்சியில். மரியமலர் இரண்டையும் மேசையில் விளிம்போடு விளிம்பு சேர்த்தாள். ய. லூசியன், 29, மல்லாவி. கடைசிக் கட்டம், ‘நிலை’. அதைத் தாளின் வலது ஓரம் வெட்டியிருந்தது. மிஞ்சியது ஓர் எழுத்து: கா.

“காயம் எண்டுதானே அண்ணை இருக்கும்?”

“எல்லாற்றை வரியையும் வெட்டித்தான் விட்டிருக்குப் பிள்ளை.”

“காணவில்லை எண்டாலும் கா தானே.”

“பொறுங்கோ. திரும்பத் திறக்கட்டும். தாளைப் படுக்கையாப் போட்டு அடிப்பம்.”

இன்னொரு சொல்லும் ‘கா’வில் தொடங்கும். அதை இருவரும் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

4

மூன்று நாற்பதுக்குத் திறந்தது. இம்முறை தவரத்தினம் அட்டவணையை மட்டும் பிடித்து எக்செலில் ஒட்டினார். தாளைப் படுக்கையாக்கி, எல்லாக் கட்டங்களும் அகலத்துக்குள் அடங்கச் சுருக்கி, தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் வரச் செய்தார். வரியைத் தேடிப் பிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“திரையிலை பாக்கிறீங்களோ?”

“இல்லை. தாளிலை வரட்டும்.”

அந்த வரி உள்ள ஒரே தாளை மட்டும் பிரிண்ட் கொடுத்தார். லூசியனின் வரி வெட்டுப்படாமல், கடைசிக் கட்டம் முழுதாக வந்தது. வாசித்தாள்.

‘அவளுடைய கால்கள்—’

‘“மாதாவே” என்று அவள்—’

அடுத்து எழுதிய இந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டேன்.

5

இரண்டு முடிவுகள் எழுதி அவளிடம் கொண்டுபோனேன். ஒன்றில் லூசியன் ஒரு காலைச் சாய்த்து நடக்கிறான். மற்றதில் அவள் இன்றும் பட்டியல்களைத் துழாவுகிறாள். மெஷினை நிறுத்திவிட்டு இரண்டையும் வாசித்தாள்.

“எது சரி அக்கா?”

“ரெண்டையும் விடுங்கோ. அந்தத் தாளோடை ஸ்டாலின்கிராட் மட்டும் ஓடினனான் எண்டு எழுதுங்கோ. நாலு மணிக்கு முதல் போய்ச் சேந்தனான். அது காணும்.”

அவள் போதும் என்றதை எழுதிவிட்டேன். அப்படி ஓடுகிறவள் கையில் எந்தச் சொல் இருந்திருக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.