வத்தலக்குண்டு மிஸ்டு கால்

காளியாயி வெள்ளனே ஓடையில் இறங்கிக் கழுவிய கேரட் மூட்டைகள் வண்டியின் பின்னால் சொட்டிக்கொண்டே வந்தன. லோடு இறக்குகிறவனுக்குக் காய்ச்சல். அந்தச் சோலியும் அவள் தலையில் விழுந்ததால், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் திருமலைச்சாமி ஓட்டுகிற வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து மதுரைக்குப் போகிறாள். விரல்கள் இன்னும் ஊறி வெளுத்துக் கிடந்தன.

கழுவிய கேரட் வழியில் நிற்கக் கூடாது, புழுங்கிக் கறுத்துவிடும். அதனால் பெருமாள்மலையில் ஒரு மிஸ்டு கால், மலையிறங்கியதும் வத்தலக்குண்டில் ஒரு மிஸ்டு கால் என்று மொதலாளி சுவாமிநாதன் சட்டம் போட்டிருந்தார். போனை எடுத்தால் டிரைவர் கைமாத்துக் கேட்பான். எடுக்காமலே வண்டியை ஓட்டத் தெரிந்தவர் அவர். வடை தின்ன வண்டியை ஓரங்கட்டிய பழைய டிரைவர் ஞானவேல் இப்போது பூண்டியில் மூட்டை தூக்குகிறான்.

ஊத்து என்கிற ஊரைத் தாண்டியதும் காளியாயி கேட்டாள்: "வர்ற சனமெல்லாம் நின்னு நின்னு அப்படி என்னத்தங்க பாக்குதுக?"

திருமலைச்சாமி அந்த வழியில் ஒரு தடவைகூட நின்று பார்த்தவனில்லை. அவனுக்கு மலை என்றால் வளைவும் கியரும்தான். அதை அவளிடம் ஒத்துக்கொள்ளவும் கூச்சம்.

"காட்டுறேன், வா" என்றான்.

டம்டம் பாறையில் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸின் மறைவில் வண்டியை நிறுத்தினான். மஞ்சு மூடிக் கிடந்தது. அது விலகும் வரைக்கும் நிற்க ஒரு வழி பண்ண வேண்டுமே. செல்லை எடுத்து, மலையிறங்கிவிட்ட கணக்கில் வத்தலக்குண்டு மிஸ்டு காலை அங்கிருந்தே கொடுத்தான்.

பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரு முருகன் பாட்டு ஒலித்தது.

அவன் சட்டென்று கட் செய்தான். பாட்டும் நின்றது. காளியாயி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவாமிநாதன் போனைப் பார்த்தபடியே பஸ்ஸைச் சுற்றி வந்தார். மகளுக்குப் பார்த்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு மலையைக் காட்ட வந்திருந்தார். அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டதால் முகத்தில் சிரிப்பை வரவழைத்து, நம்ம டிரைவர்தான் என்று அறிமுகம் செய்தார். கேமராவை அவனிடம் நீட்டினார். பைகளும் சால்வைகளும் காளியாயி கைக்கு வந்தன.

மஞ்சு விலகியது. எதிர்மலையில் அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. அதை மறைத்துக்கொண்டு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஒன்று எடுத்ததும் இன்னொன்று என்றார்கள். சம்பந்தியம்மா கண் மூடிவிட்டதாக மறுபடியும் ஒன்று. கேரட்டை யாரும் நினைக்கவில்லை.

கேமராவைத் திருப்பி வாங்கும்போது சுவாமிநாதன் சிரிப்பு மாறாமல் அவன் காதருகில் சொன்னார்: "லோடை எறக்கிட்டு, சாவிய மண்டியில குடுத்துரு."

திருமலைச்சாமி வண்டியை மெதுவாக எடுத்தான்.

"என்னாலதானங்க" என்றாள்.

"ஏ கிறுக்கி. பாத்தியா, இல்லியா?"

"எங்க பாத்தேன்? மொதலாளி தலையத்தான் பாத்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒம் பக்கத்துக் கண்ணாடிய நீயே திருப்பிக்க. எனக்கு வேணாம்."

அவள் ஜன்னல் வழியே கைநீட்டி, ஊறிய விரலால் பக்கக் கண்ணாடியைத் திருப்பினாள். அதற்குள் விரல் நீளத்துக்கு அருவி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில், சுவரோரம் ஜமுக்காளம் விரித்து, மொதலாளி வீட்டார் நிதானமாக டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார்கள்.