படிவத்தில் இடமில்லாதவர்கள்

இறந்துபோன மனைவிக்கு உடுத்த ஹோரஸ் கொண்டுவந்திருந்த ஊதா உடுப்பை வாங்கிக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு, ட்வைட் இறப்புப் படிவத்தை எடுத்தான். மேக்கன் நகரில் கறுப்பர் வீட்டுச் சாவுகளுக்கு அடக்கம் செய்து கொடுப்பது அவனுடைய குடும்பத் தொழில். இருவருக்கும் ஒரே தேவாலயம்.

“வெர்னெல் அக்காவோட அம்மா பேரு, அண்ணே?”

“லோரேன்.”

“அவங்க பிறந்த வீட்டுக் குடும்பப் பேரு?”

ஹோரஸுக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை. வெர்னெல் எத்தனையோ தடவை சொன்ன பெயர்தான். அவளையே கேட்டுவிடலாம் என்று பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியாதுன்னு போட்டுடவா? நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க.”

“போடாத தம்பி. சாயங்காலம் போன் பண்றேன்.”

‘தெரியாது’ என்ற அந்தச் சொல்லுக்காக வெர்னெல் சாப்பிடாமல் படுத்த நாள் உண்டு. முன்னோரின் பெயர்களைத் தேடிப் போன ஆவணக் காப்பகத்தில் அவளுடைய கொள்ளுப்பாட்டி செய்னியின் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தாயின் பெயர் என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று இருந்தது. அதற்கு முந்தைய அடிமைப் பட்டியல்களில் யாருக்குமே பெயர் கிடையாது. வயதும், ஆணா பெண்ணா என்பதும்தான்.

“வெள்ளைக்காரன் எழுதல, சரி. இவளப் புதைச்சவன் நம்ம ஆளுதானே? உயிரோட இருக்கும்போதே கேட்டு வச்சுக்க அவனுக்கு வாயில்லையா?” என்று பொருமினாள். ஹோரஸ் அப்போது டி.வி.யில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அவள் பரப்பியிருந்த காகிதங்களைக் காட்டி, “செத்தவங்களக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு, நான் சாப்பிடணும்” என்று சொல்லிச் சிரித்தார்.

இன்று அவர் வீடு திரும்பியபோதும் சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய காகிதங்கள். தேவாலயத்துப் பெண்கள் வறுத்த கோழியும் கீரையும் அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹோரஸ் ஒரு தாளைக்கூட நகர்த்தவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அவள் இருக்கும்போது ஒரே ஒரு நாள் இப்படி உட்கார்ந்திருக்கலாம். தட்டில் சாப்பாடு ஆறிப்போனது.

பொழுது சாயும்போது போன் செய்தார்.

“ஸ்ட்ரோசியர். லோரேன் ஸ்ட்ரோசியர்.”

“எழுதிட்டேன் அண்ணே.”

“லோரேனோட அம்மா ஈலா. ஈலாவோட அம்மா செய்னி.”

“அண்ணே, அவங்களுக்கெல்லாம் இந்தப் படிவத்துல இடம் இல்லையே.”

“தெரியும் தம்பி. நீ சும்மா கேளு.”

அந்தப் பக்கம் ட்வைட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. ஹோரஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.