குக்கர் மேலே போன வருடம்

பணிமனை அணியின் கேப்டன் கோபத்தில் தரையை விட்டு எழும்பியது முதல் தடவை இரண்டு சாண் உயரம். இடைவேளைக்கு ஏழு நிமிடம் இருந்தது. பந்து யார் காலில் பட்டு வெளியே போனது என்பதில் தகராறு. லைன்ஸ்மேன் நூற்பாலை அணிக்குச் சாதகமாகக் கொடியை நீட்டினார். கேப்டன் ஓரக்கோட்டில் நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு வரச் சொல்லி அவரிடம் கத்தினான். கத்தக் கத்த அவனுடைய பூட்ஸின் அடிப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. குதித்தான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். குதித்தவன் கீழே வர வேண்டுமே. கத்தி முடிக்கும் வரை, சுமார் ஒரு நிமிடம், அப்படியே நின்றான். பிறகு இறங்கி வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தான். நடுவர் தன் அறிக்கையில் ‘மற்றவை’ என்ற கட்டத்தில், ‘ஆறாம் எண் ஆட்டக்காரர் சிறிது நேரம் மேலே இருந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புல் ஈரமாக இருந்தது என்பதும் அதே கட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த ஊரில் இரண்டே அணிகள். ஒன்று பேருந்துப் பணிமனை, இன்னொன்று நூற்பாலை. ஒரு காலத்தில் ஆட்டம் முடிந்த கையோடு அடிதடி தொடங்கிவிடும். பல் போனவர்களும் காது கிழிந்தவர்களும் பெருகிப் போகவே, இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரு விதி செய்தன. ஜெயித்த அணியின் ஆள் ஒருவர் ஆட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் மைக்கைப் பிடித்து, தோற்றவர்கள் ஓரக்கோட்டில் ஆடிய கூத்தையெல்லாம் நடித்துக் காட்டலாம். தோற்றவர்கள் கோட்டை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டே ஆக வேண்டும், பாதியில் எழுந்து போகக் கூடாது. அவர்களுக்கு ஒரே ஒரு சலுகை உண்டு. நடந்ததைத்தான் நடிக்க வேண்டும். இல்லாததைச் சேர்த்தாலோ, வலது கைக்குப் பதில் இடது கையைத் தூக்கினாலோ, கேலிக்கு ஆளானவர் எழுந்து ‘தப்பு’ என்று சொல்லி, மைக்கை வாங்கி, தானே சரியாக நடித்துக் காட்டலாம். வாயால் அடித்துக்கொண்டால் கையால் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது யோசனை. யோசனை பலித்தது, அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் பல் போகவில்லை.

நூற்பாலைக்காக மைக் பிடித்தவரை ஊர் ரேடியோ என்று அழைத்தது. ஆலையின் ஸ்டோரில் கிளார்க். பேரிங், பெல்ட், எண்ணெய் டின் இவற்றைச் சீட்டு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. மனிதருக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும், காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் மேஜையைத் தட்டும், விரலையும் நிறுத்தினால் நாக்கு அரிக்கும். பணிமனை அணியோ அவருடைய நாக்குக்கென்றே பிறந்த அணி. அவர்களுடைய கோச் கோபம் வந்தால் தன் செருப்பைக் கழற்றி மைதானத்துக்குள் எறிவார், பிறகு அதை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்புவார். கோலி கோல் கம்பத்தோடு சண்டை போடுவான், அது பதில் பேசவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். வலது ஓரம் ஓடுகிறவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் பனியனைக் கழற்றிக் கொடுத்து ராஜினாமா செய்வான், இரண்டு நிமிடத்தில் குளிர்கிறது என்று திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்வான். இவர்களுக்கெல்லாம் கேப்டன்தான் தலை. பணிமனையில் பிரேக் ரிப்பேர் பார்ப்பவன். மூன்று விசில் அடித்தால் இறக்கிவிட வேண்டும் என்று ரேடியோ சொன்னதிலிருந்து அவன் பெயர் குக்கர். பதினோரு வருடத்தில் ரேடியோவின் நடிப்பைப் பார்த்து ஒரே ஒருவர்கூட ‘தப்பு’ என்று எழுந்ததில்லை. அந்தப் பெருமையில் அவர் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தார்.

ரேடியோவுக்கு ஒரு தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அவர் வளர்த்த பெண். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். சனிக்கிழமைகளில் அண்ணன் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று குக்கரின் கத்தலைப் பயிற்சி செய்வார். அடுத்த அறையில் துணி மடித்தபடியே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவன் குரல் எங்கே உயரும், எங்கே உடையும் என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது. இவ்வளவு கத்துகிறவன் மனசுக்குள் எதையும் ஒளித்து வைக்கத் தெரியாதவனாக இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணன் கேலி செய்யச் செய்ய ஆசை வளர்ந்தது. ஒரு நாள் வந்து, கட்டிக்கொண்டால் அவனைத்தான் என்றாள். ரேடியோ தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் வாயாலேயே மாப்பிள்ளை பார்த்து முடித்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாப்பிள்ளையை வழக்கம்போல் நடித்துக் காட்டினார். மாப்பிள்ளையும் வழக்கம்போல் சம்மணம் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

இரண்டு சாண் மூன்று முழமானது, மூன்று முழம் ஆள் உயரமானது. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஓரக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பவர் மைதானத்துக்குள் இருப்பதாகவே கொள்ளப்படுவார் என்று நடுவர் சங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாற்று ஆட்டக்காரர்கள் இருவர் ஆளுக்கொன்றாக அவனுடைய காலைப் பிடித்துக்கொள்ள நியமிக்கப்பட்டார்கள். ஒரு ஆஃப்சைடு தீர்ப்பின்போது அவர்களும் சேர்ந்து மேலே போனதால் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ரேடியோவுக்கோ கொண்டாட்டம். பணிமனைக்காரர்களுக்கு இனி பஸ்ஸே தேவையில்லை, கேப்டன் காலில் தொங்கிக்கொண்டே ஊருக்கு ஊர் போகலாம் என்பார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஒவ்வொரு சிரிப்புக்கும், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி கூடும்.

கோப்பை ஆட்டத்துக்கு முந்தைய நாள் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவரை விட்டுடு. தூங்கறப்பகூட கட்டிலுக்கு மேல அரை அடி நிக்கறாரு. போர்வையோட ஓரத்த நான் மெத்தைக்கு அடியில சொருகி வெச்சுட்டுப் படுக்கறேன். பயமா இருக்கு.”

ரேடியோ அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். செய்தபோது மனசாரத்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. மறுநாள் கடைசி நிமிடத்தில் பணிமனைக்குக் கிடைக்க வேண்டிய பெனால்டி கிடைக்கவில்லை. குக்கர் ஆடிய ஆட்டத்தில் விளக்குக் கம்பத்தின் பாதி உயரத்துக்குப் போய்விட்டான். கோட்டருகே ஓடி வந்த தங்கை இரண்டு கையையும் தூக்கி, “இறங்கி வாங்க, பார்க்கறாங்க எல்லாரும், இறங்கி வாங்க” என்று கெஞ்சி இறக்கினாள். நூற்பாலை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ரேடியோ கைக்கு மைக் வந்தது. கோச்சின் செருப்பை நடித்தார், கம்பத்தோடு கோலியின் ஊடலை நடித்தார், பத்து நிமிடம் ஓடிவிட்டது, இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி. கூட்டம் ‘குக்கர், குக்கர்’ என்று கத்தியது. நாக்கு அரித்தது. சத்தியம் மாப்பிள்ளையைப் பற்றியதுதானே, தங்கையைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று ஒரு கோணல் புத்தி தோன்ற, இரண்டு கையையும் தூக்கித் தங்கையின் குரலில், “இறங்கி வாங்க, பார்க்கறாங்க எல்லாரும்” என்றார். அச்சு அசல் அவள் குரல். அந்த மைதானத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை.

குக்கர் கத்தவில்லை. விதியை மீறாமல் சம்மணம் கலையாமல் அப்படியே மேலே போனான். விளக்குக் கம்பத்தைத் தாண்டினான், ஆலையின் புகைபோக்கியைத் தாண்டினான், பட்டம் அளவானான், பொட்டு அளவானான், பிறகு வானம் மட்டும் இருந்தது. மணி நான்கேகால், நல்ல வெயில். தங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கழுத்து வலித்த பிறகு தலையை இறக்கி அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டவில்லை. ஓட்டுநர்கள் பணிமனையின் எல்லாப் பேருந்துகளையும் மைதானத்தைச் சுற்றி நிறுத்தி ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், இரண்டு தெருவில் ஜன்னல் கண்ணாடி உடைந்ததுதான் மிச்சம். பணிமனை மேலாளர், ஊழியர் மேலே இருப்பதால் என்று காரணம் எழுதி அவனை விடுப்பில் வைத்தார். தங்கை வேலை முடிந்ததும் தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு மைதானத்துக்கு வந்து, ஓரக்கோட்டில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். ரேடியோ அவள் வீட்டுக்குப் போவார். கதவு திறக்கும், ஒரு டம்ளர் தண்ணீர் வரும், பேச்சு வராது. மைக்கை எடுத்துக்கொண்டு காலி மைதானத்தின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்து, “மாப்பிள்ளை, என் மேல தப்புதான், மன்னிச்சிருங்க” என்று எத்தனையோ சாயங்காலம் கெஞ்சினார். பறவைகள் கலைந்து போனதோடு சரி. அவர் தூக்கத்தை இழந்தார். ஸ்டோரில் பெல்ட் கேட்டவர்களுக்குப் பேரிங் கொடுத்தார். தெருவில் போகிறவர்கள் குனிந்து நடக்க, அவர் ஒருவர் மட்டும் அண்ணாந்தபடி நடந்து சைக்கிள்களில் மோதினார். மேலே இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை. தங்கை அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காததுதான் அவரை அரித்துத் தின்றது.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் நூற்பாலை ஜெயித்தது. ரேடியோ மைக் வேண்டாம் என்றார், விதி என்று சொல்லித் திணித்தார்கள். புதிய கேலி எதற்கும் அவருக்கு மனசில்லை. பழசையே, அந்த முதல் நாள் லைன்ஸ்மேனிடம் குக்கர் கத்தியதையே எடுத்தார். நடிக்கும்போதே கண் வானத்துக்குப் போனது. வலது கையைத் தூக்க வேண்டிய இடத்தில் இடது கை போயிற்று. கண்ணாடி போட்டுக்கொண்டு வா என்பதை மறந்து, “உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?” என்றார். இத்தனை வருடத்தில் முதல் பிசகு. அப்போது மேகத்துக்கும் மேலிருந்து, மெலிதாக, ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாத எரிச்சலோடு, “தப்பு!” என்று ஒரு குரல் வந்தது. தங்கை எழுந்து நின்றாள். மடியிலிருந்த கேரியர் உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது.

மன்னிப்புக்குப் பதில் சொல்லாதவன் பிசகுக்குப் பதில் சொல்கிறான். ரேடியோவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து நூற்பாலை ஜெயித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மாப்பிள்ளையைத் தப்பாக நடித்தார். எளிதான காரியம் இல்லை. கை தானாகச் சரியான பக்கம் போகும், குரல் தானாகச் சரியான இடத்தில் உடையும். சனிக்கிழமைகளில் அதே பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, தெரிந்ததை மறக்கப் பயிற்சி செய்தார். குக்கருக்குக் கீச்சுக் குரல் கொடுத்தார், நொண்டி நடை கொடுத்தார், நடுவரிடம் ‘தயவுசெய்து’ என்று சொல்லவைத்தார். இந்தக் கடைசி விஷயத்துக்கு மேலிருந்து வந்த ‘தப்பு’ மூன்று தெரு தாண்டிக் கேட்டது. நூற்பாலைக்காரர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. ரேடியோ பேட்டரி போய்விட்டது என்றார்கள், மைக்கைக் கொடுத்துவிட்டுப் போ என்று காகிதக் கப்பை எறிந்தார்கள். ஊரே மெச்சிய மனிதர் ஊரே தலையில் அடித்துக்கொள்ளும் மனிதரானார். அவருக்கு வலித்தது. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து ஒரு தடவை சரியாக நடித்துப் பார்த்துக்கொண்டு படுப்பார். அந்தப் பருவத்தில் பணிமனை பத்தில் எட்டு ஆட்டம் தோற்றது. மைக் ரேடியோ கையில் இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்றார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பணிமனையின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு பொட்டுத் தெரிந்தது. ஆறாவது வாரம் பூட்ஸ் தெரிந்தது. ஒன்பதாவது வாரம், ஒரு கை நீளத் தாடியோடு, தலை கால் புரியாத கோபத்தோடு குக்கர் விளக்குக் கம்பத்தின் உயரத்தில் நின்று, “மச்சான், நான் எப்ப ‘தயவுசெய்து’ன்னேன்? யார்கிட்ட சொன்னேன்?” என்று கேட்டான். ரேடியோ பதிலுக்குத் தோளைக் குலுக்கி இன்னொரு ‘தயவுசெய்து’ போட்டார். பத்தாவது வாரம் அவன் தன் சலுகையைப் பயன்படுத்தினான். ஆள் உயரத்துக்கு இறங்கி வந்து, ரேடியோவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, தன் கத்தலைத் தானே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, கை மாறாமல், குரல் பிசகாமல் நடித்துக் காட்டினான். அப்படி நடித்தபோது அவனுக்கே எங்கேயோ சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் தங்கை ஓடி வந்து அவனுடைய வலது காலைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு நின்றதும் அவன் மறுபடி எழும்பத் தொடங்கினான், அவளுடைய குதிகாலும் எழும்பியது.

“அண்ணா, பார்த்துட்டு நிக்கறியே, அந்தக் காலப் பிடி!” என்றாள்.

பதினோரு மாதத்தில் முதல் பேச்சு. ரேடியோ இடது காலைப் பிடித்தார். பிடித்த பிடியில் பூட்ஸின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், விக்கி விக்கி அழுதார். குக்கர் மேலிருந்து, பூட்ஸ் நனைகிறது, தள்ளிப் போங்க மச்சான் என்று திட்டினான். மூவரும் அப்படியே, நடுவில் இருப்பவன் தரையில் படாமல், கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போனார்கள். வழியில் யாரும் நின்று பார்க்கவில்லை, சாயங்கால நெரிசலில் அவரவருக்கு அவரவர் அவசரம்.

குக்கர் முழுதாகத் தரைக்கு வரவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை முக்கால் அடியில் இருந்தான், பணிமனையில் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதற்கு மட்டும் ஒரு ஆள் அவன் மேல் டயரைச் சாய்த்து வைத்தான். வீட்டு நிலைப்படியில் தினம் தினம் நெற்றியை இடித்துக்கொண்டு, அந்தக் கோபத்தில் இன்னும் கொஞ்சம் எழும்பி, மறுபடி இடித்துக்கொண்டான். எனவே கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலை உயர்த்திக் கட்டச் சொன்னார்கள். ரேடியோ ஆலையில் அரை நாள் விடுப்பு எடுத்துவிட்டு வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தார். கொத்தனார் அளவு நாடாவை நிலையில் பிடித்துக்கொண்டு, முக்கால் அடி ஏற்றினால் போதுமா என்று கேட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள், அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ரெண்டடியா வெச்சிருங்க. ஞாயித்துக்கிழமை பெனால்டி குடுக்கலேன்னா என்ன பண்றது?” என்றாள்.

அதுவும் சரிதான் என்று கொத்தனார் இரண்டடிக்குக் குறி போட்டார்.