வியாழக்கிழமைச் சத்தம்

"வியாழக்கிழமை மட்டும்தான் கத்துதா?"

"ஆமாண்ணே."

"சக்கரத்துக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மெக்கானிக் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். தெருவில் எல்லாரும் அவரை மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உடம்புக்கு வேறு பெயர் பொருந்தாது. காரின் பின்பக்க இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்துக் கையால் சுற்றிப் பார்த்தார். அது சத்தமில்லாமல் சுழன்று நின்றது.

"வியாழக்கிழமை எங்க போவீங்க?"

"அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

மூட்டை ஜாக்கியை இறக்கினார். அக்கா புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வது தெருவுக்கே தெரியும்.

இருவரும் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் காலிச் சாலையில் வண்டியை ஓட்டினார்கள். மூட்டை சொன்னபடி அக்காவின் தம்பி ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக வளைத்தான். "பேரிங் போயிருந்தா வளைக்கும்போது சத்தம் மாறும். இது வாயே திறக்கல" என்றார் மூட்டை. பிறகு, "அக்கா எங்க உக்காருவாங்க?" என்று கேட்டு, இறங்கிப் போய்ப் பின் இருக்கையின் இடது மூலையில் உட்கார்ந்தார். வண்டி அந்தப் பக்கம் தாழ்ந்தது.

சாலை முடிவதற்குள் சத்தம் ஆரம்பித்தது. அழுது அழுது ஓய்ந்த குழந்தை, ஏன் அழுகிறோம் என்பதை மறந்த பிறகும் விடாமல் முனகுவதுபோல மெலிதாக இழுத்தது. மூட்டை வலது மூலைக்கு நகர்ந்தார். நின்றுவிட்டது. திரும்பி வந்தார். மறுபடி இழுத்தது.

"பாரம் ஏறினாத்தான் பேசுது" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மட்கார்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஸ்பிரிங் தொய்ஞ்சுபோச்சு. உள்ள இருக்கிற பிளாஸ்டிக் தகடும் கழண்டு தொங்குது. மயிரிழைதான் இடைவெளி. கொஞ்சம் கனம் சேந்தா டயர் அதுல உரசுது."

"அக்கா உங்கள்ல பாதிகூட இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை நூல் வாங்கக் கூட்டிட்டுப் போனேன். இதே இடத்துலதான் உக்காந்திருந்தா. ஒரு சத்தமும் இல்ல."

"அப்ப வியாழக்கிழமை கூட ஏதோ ஏறுது. பையா, சாமானா?"

"ஒரு ஃபைல். அப்புறம் ஒரு கோட்டு."

"கோட்டை என்ன இரும்புலயா தைச்சிருக்காங்க?"

சனிக்கிழமை ஸ்பிரிங் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி படியாக இறங்கி வந்தாள். கணுக்கால் வரை தொங்கும் பழுப்புக் கம்பளிக் கோட்டு. அவளே தைத்தது. வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைப்பவள், தனக்கென்று தைத்துக்கொண்டது இது ஒன்றுதான். ஆஸ்பத்திரி ஏசி எலும்பைக் குடைகிறது என்று ஒரு மாதமாக இதைப் போட்டுக்கொள்கிறாள்.

பெரிய சாலைக்குத் திரும்பியதும் சத்தம் வந்தது.

"இன்னும் சரி பண்ணலயா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சனிக்கிழமை ஆயிடும்."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். மடியில் ஃபைல். வேறெதுவும் இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் நர்ஸ் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்: எடை இதற்குக் கீழே இறங்கினால் உடம்பு மருந்தைத் தாங்காது, நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதும் அந்த எடையை வைத்துத்தான். அதற்குப் பிறகு எடை இறங்கவேயில்லை. தட்டில் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. அவன் தட்டைப் பார்க்காமல் தராசு காட்டிய எண்ணை நம்பினான். போன் செய்த உறவுக்காரர்களிடமெல்லாம், "எடை இறங்கல, அதுவே பெரிய விஷயம்" என்று சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அக்கா தராசில் ஏறியபோது, "கோட்டைக் கழட்டுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"குளிருது சிஸ்டர்."

"சரி, கோட்டுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கறேன்." முள்ளைப் பார்த்தாள். "பரவாயில்லையே, நல்லா சாப்பிடறீங்கபோல."

"தம்பி விடமாட்டான்" என்று அக்கா சிரித்தாள்.

மருந்து ஏற்றும் அறையில் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கோட்டைக் கழற்றினாள். கை நீட்டவேண்டுமே. அது நழுவித் தரையில் விழுந்தது. துணி விழும் சத்தம் இல்லை. கொக்கியில் மாட்டலாம் என்று அவன் குனிந்து எடுத்தான். அதன் கனம் கையைக் கீழே இழுத்தது.

கீழ்மடிப்பைத் தடவினான். சப்பையான ஈயத் துண்டுகள். தையல் மெஷின் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய இருக்கும். திரைச்சீலை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்குவதற்காக மூலைக்கு ஒன்று வைத்துத் தைப்பாள். இங்கே மூலை என்ற கணக்கே இல்லை. ஒன்றையொன்று ஒட்டி, கோட்டைச் சுற்றிலும் இரண்டு வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சின்னப் பை. வெளியே ஒரு தையல்கூடத் தெரியவில்லை.

"எப்போலேந்து?"

"மெதுவா பேசு."

"சொல்லுக்கா."

"வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு சொன்னாளே, அன்னைக்கு ராத்திரியே உக்காந்து தைச்சேன்." பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தாள். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கார்தான்."

அவளுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் உதட்டோரம் சுளித்தாள். "இங்க இருக்கிற தராசை மட்டும்தான் நெனச்சேன். உன் ஓட்டை வண்டியும் ஒரு தராசுன்னு யாரு கண்டா."

"விளையாடாதேக்கா. இல்லாத உடம்புக்கும் சேத்து ஏத்திக்கிட்டிருக்காங்க. உனக்குத் தாங்காது."

"தாங்குறவரைக்கும் தாங்கட்டும். நிறுத்திட்டா என்னடா இருக்கு? வீட்டுல படுத்துக்கிட்டு விட்டத்தை எண்ணவா?"

வெற்றுக் கை போர்வைமேல் கிடந்தது. வளையல் முழங்கைப் பக்கம் சரிந்து போயிருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் மருந்துப் பையோடு வந்து அதைக் கம்பியில் மாட்டினாள். சீட்டில் எழுதியிருந்த எடையைப் படித்துக் காட்டினாள். "சரிதானேம்மா?"

"சரிதான் சிஸ்டர்."

நர்ஸ் ஊசியைப் பிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். "அதை ஏன் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

அவன் இரண்டு கைகளாலும் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்காவின் விரல் அவன் சட்டை நுனியில் கொக்கிபோல மாட்டியது.

"ஸ்பிரிங்கை மாத்திடுடா" என்றாள். "கோட்டை மட்டும் பேசாம அங்க மாட்டிடு."