ஒன்றரை மடங்கு வேகம்

ஒரே ஒரு சக்கரம். அதன் இரண்டு பக்கமும் கால் வைக்க இரண்டு பலகை. ஓட்டும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இதில் ஏறி நிற்கிற மனிதனுக்கு முதலில் வர வேண்டியது பயம். என் கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் வருவது, வேகம் போதவில்லை என்கிற புகார்.

மின்சார ஒற்றைச் சக்கர வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். டயர் மாற்றுவேன், பேட்டரியைப் பிரித்துப் பார்ப்பேன், நடுநடுவே இவர்கள் அளக்கிற கதையையும் கேட்டுத் தொலைப்பேன். ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம் வாராவாரம் வரும். ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் வீட்டுத் தரகர், மற்றவர்களும் நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள்தான். அந்தக் கூட்டத்துக்குத் தளபதி என் தங்கையின் கணவர். அலுவலகத்தில் ஒரு கோப்பை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்த ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற மனிதர். சாலையில் மட்டும் தலை போகிற அவசரம்.

கடைக்குள் வந்ததும் வண்டியை, தூக்குவதற்கென்று மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார். தரையில் படாத சக்கரம் காற்றில் விர்ரென்று சுற்றும். வண்டியோடு இணைத்த செல்போன் மணிக்கு நூற்று இருபது கிலோமீட்டர் என்று காட்டும். “பாத்தீங்களா மச்சான், இதோட உண்மையான வேகம் இதுதான்” என்பார். காற்றில் சுற்றுவதற்கு என்ன கேடு? மேலே தொண்ணூற்றெட்டு கிலோ மாப்பிள்ளை ஏறி நின்றால் அல்லவா சேதி தெரியும்.

சொல்லாமல் இல்லை. இந்த வண்டியில் மோட்டார்தான் ஓடவும் வேண்டும், ஆளை விழாமல் தாங்கவும் வேண்டும், இருக்கிற பலம் முழுவதையும் ஓடுவதற்கே உறிஞ்சிவிட்டால் தாங்குவதற்கு மிச்சம் இருக்காது, அப்போது வண்டி அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் போய்க்கொண்டே இருப்பீர்கள் என்று படம் போட்டே காட்டினேன். அதற்காகத்தான் வேக எல்லை வந்ததும் வண்டி கத்துகிறது, அதற்காகத்தான் பலகை முன்பக்கம் தூக்கி உங்களைப் பின்னால் தள்ளுகிறது என்றேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அந்தப் பலகை தூக்குவது தன்னை அவமானப்படுத்துகிறது என்றார் மாப்பிள்ளை.

ஒரு நாள் தங்கை கடைக்கு வந்தாள். பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

“அண்ணா, வேண்டாம்னு சொன்னா ஒளிச்சு ஓட்டுவாரு. அறுபதுக்கு மேல போகாம நீ பாத்துக்க. எனக்கு அது போதும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் முகம் அப்போதே தெளிந்துவிட்டது.

அடுத்த வாரமே மாப்பிள்ளை வந்து நின்றார். அறுபதில் பலகை தூக்குவதை எடுத்துவிட வேண்டுமாம், தொண்ணூறு பார்க்க வேண்டுமாம். முடியாது என்றால் நேராக இன்னொரு கடைக்குப் போவார். அவர்கள் கேட்டதைச் செய்து கொடுத்துக் கும்பிடும் போட்டு அனுப்புவார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. எண்தானே வேண்டும் உனக்கு, வைத்துக்கொள் என்று தோன்றியது.

வண்டியோடு இணைகிற செல்போன் செயலியில் ஓர் இடம் உண்டு. வேறு அளவு டயர் போட்டால் வேகக் கணக்கைச் சரிசெய்ய வைத்திருக்கிறார்கள். அது போனில் தெரிகிற எண்ணை மட்டும்தான் மாற்றும். அதில் ஒன்றரை மடங்கு என்று போட்டேன். எல்லையை அறுபதிலேயே விட்டேன். இனி வண்டி அறுபதில் போகும்போது போன் தொண்ணூறு என்று சொல்லும். அங்கே பலகை தூக்கும். யாருக்கும் சேதமில்லை.

அன்று ஓட்டிவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “இப்பதான் மச்சான் வண்டி மூச்சு விடுது” என்றார். மறுவாரம் மற்ற ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள், எங்களுக்கும் அதே மாதிரி திறந்து விடுங்கள் என்று. ஐந்து பேருக்கும் திறந்து விட்டேன். வேகத்தோடு தூரமும் ஒன்றரை மடங்கு கூடும். இத்தனை நாள் பத்து கிலோமீட்டராக இருந்த, அவர்கள் ஓட்டுகிற தொழிற்பேட்டைச் சாலை ஒரே வாரத்தில் பதினைந்து கிலோமீட்டர் ஆனது. சாலை எப்படி நீண்டது என்று ஒரு படித்த மேதையும் கேட்கவில்லை. வீட்டில் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, என்றைக்காவது மாட்டிக்கொள்வீர்கள் என்றாள். இவர்களிடமா மாட்டிக்கொள்வேன் என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அப்புறம் பல் மருத்துவர் புது வண்டி வாங்கினார். வேறு எங்கோ வாங்கியது, என் கை படாதது. எச்சரிக்கைச் சத்தத்தையும் பலகை தூக்குவதையும் அவரே அணைத்துவிட்டார். பல் பிடுங்கத் தெரிந்தவருக்கு இது தெரியாதா. சனிக்கிழமை எனக்குப் போன் செய்தார். புது வண்டி சோம்பேறியாக இருக்கிறதாம். பழைய வண்டியில் தொண்ணூறில் அடிக்கிற காற்று இதில் அடிக்கும்போது போன் அறுபதுதான் காட்டுகிறதாம். மோட்டாரில் கோளாறா என்று கேட்டார்.

சிரிப்பை அடக்க நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் அழைத்தார். கொடு நான் விரட்டிக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை அந்தப் புது வண்டியில் ஏறியிருக்கிறார். தினமும் தொண்ணூறு போகிறவர் அல்லவா, அறுபதைப் பார்த்ததும் இன்னும் இன்னும் என்று முன்னால் சாய்ந்திருக்கிறார். பேட்டரி ஏற்கெனவே பாதி காலி. தொண்ணூறைத் தொட்டதும் மோட்டார் கை விரித்துவிட்டது.

மருத்துவமனையில் தோள் எலும்பு, மணிக்கட்டு, மூன்று விலா என்று பட்டியல் சொன்னார்கள். தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. தலை தப்பியது அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். தங்கை கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்று கணவரைக் கேட்டாள்.

“தொண்ணூறுதான். தினமும் போற வேகம்தானே. அந்த வண்டிதான் கோளாறு.”

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “தினமுமா? அறுபதைத் தாண்டாதுன்னு சொன்னியே அண்ணா.”

சொன்னேன், ஒன்றரை மடங்கையும் சனிக்கிழமைப் போனையும் சேர்த்து. மாப்பிள்ளை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கூரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இன்னைக்குப் போனது மச்சான்? அது நிஜத் தொண்ணூறா?”

ஆமாம் என்றேன். வீங்கிப்போன அந்த முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொரு விலாவையும் நானே உடைத்திருப்பேன். இதற்காகவா உயிரோடு விளையாடினாய் என்று கேட்க வாயெடுத்தேன். பார்த்தாயா உன் புருஷனை என்று தங்கையிடம் கை காட்டினேன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“அவர் முட்டாள்னு எனக்குத் தெரியும். அதனாலதான உன்கிட்ட விட்டேன்” என்றாள்.