யாருமே தொடவில்லை

அவர் விழுந்ததும் முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். மைதானம் அதற்குப் பிறகுதான் சிரித்தது.

ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்கள் ஆடும் காட்சிப் போட்டி அது. தொப்பையும் முழங்கால் உறையுமாக எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பந்து அவர் காலுக்கு வந்தது. பெனால்டி பெட்டிக்குள் நுழைந்தார், அப்படியே குப்புற விழுந்தார். பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. கோல்கீப்பர் தூரத்தில் நின்று கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, ஆரம்பிச்சுட்டாரு" என்றாள் அவள், பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணிடம்.

விழுவதுதான் உன் தொழில் என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூன்று நாடுகளில் கிளப் ஆட்டம் ஆடியவர். தேசிய அணியின் சட்டையில் ஒன்பதாம் எண்ணை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். வலது காலிலும் இடது காலிலும் தலையிலும் கோல் போட்டவர். ஆனால் ஜனங்கள் ஞாபகம் வைத்திருந்தது ஒரே ஒரு விழுதலை. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், எதிரணிக்காரனின் மூச்சுக்காற்று பட்டதற்கே சுருண்டு விழுந்தார். நடுவர் பெனால்டி கொடுத்தார். தானே அடித்துக் கோலாக்கினார். சொந்த ஊர் விமான நிலையத்தில் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். தோற்ற நாட்டுப் பத்திரிகைகள் 'வாழைத்தோல்' என்று பெயர் வைத்தன. கொண்டாடியவர்களுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது, அதுதான் வேடிக்கை.

அந்த விழுதலுக்குப் பின்னால் இருந்த உழைப்பு அவளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் வெளிநாட்டு கிளப்பில் சேர்ந்த குளிர்காலத்தில் அவரைப் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார வைத்தார்கள். மொழி தெரியாது, பேச ஆள் கிடையாது. சாயங்காலமானால் மெத்தையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு விழுந்து விழுந்து பழகுவார். கர்ப்பமாக இருந்த அவள் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வாள்.

"கைய எதுக்கு மேல தூக்கறீங்க? நிஜமா விழறவன் கைய ஊனுவான்."

"ஊனினா மணிக்கட்டு போயிடும்டி."

"அப்ப யாரும் நம்ப மாட்டாங்க. திரும்ப விழுங்க."

கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டும்வரை இது நடக்கும். ஆட்டத்தை விட்ட பிறகும் அவர் விழுவதை விடவில்லை. மகளின் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விழுந்தார். கடையில் தக்காளிக் கூடைக்கு முன்னால் விழுந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அந்த மகள் இப்போது தூரதேசத்தில் படிக்கிறாள்.

ஆகவே அன்றைக்கும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தேர்ந்த கண்ணோடு. அவர் கையை மேலேயும் தூக்கவில்லை, கீழேயும் ஊன்றவில்லை. முகம் நேராகப் புல்லில் போய் மோதியது. 'பழக்கம் விட்டுப்போச்சு மனுஷனுக்கு, சுத்த மோசம்' என்று நினைத்தாள்.

நடுவர் ஓடி வந்து, இடுப்பை வளைத்து, கிடந்தவரின் முதுகுக்கு மேல் மஞ்சள் அட்டையைக் காட்டினார். கூட்டம் விசில் அடித்தது. 'சுவர்' என்று எல்லோரும் கூப்பிடும் பழைய அணித் தோழர், அன்றைக்கு எதிரணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், கிட்டே வந்து பூட்ஸ் நுனியால் அவர் இடுப்பைத் தட்டினார்.

"எந்திரிடா, கேமராவ ஆஃப் பண்ணிட்டாங்க."

இன்னொரு முறை தட்டினார். பிறகு குனிந்தார். பிறகு மண்டியிட்டு அவரைப் புரட்டிப் போட்டார். இரண்டு கைகளையும் தூக்கிச் சுவர் கத்தியது அவள் இருந்த வரிசைவரைக்கும் கேட்கவில்லை. கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான், இதயம் நின்று உயிர் போய்விட்டதைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். என்னவோ ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பதுபோல ஆட்டினாள். அவளுக்கு எதுவும் உள்ளே போகவில்லை. காலையில் இந்த மனிதர்தான் சாக்ஸில் ஒன்றைக் காணோம் என்று வீட்டையே இரண்டாக்கினார்.

"விழும்போது நீங்க பாத்தீங்களாம்மா? கைய ஊனினாரா?" என்று மருத்துவர் கேட்டார்.

"இல்ல."

"அப்ப விழறதுக்கு முன்னாடியே நினைவு போயிருக்கும். வலி தெரிஞ்சிருக்காது."

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. கையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரே ஆள். பார்த்தாள், குறை சொன்னாள், சிரித்தாள்.

"உடனே ஓடிப் போயிருந்தா?" என்று கேட்டாள்.

மருத்துவர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "அத இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார்.

வராந்தாவில் பூட்ஸ் ஆணிகள் தரையில் டக் டக்கென்று கேட்டன. சுவர் ஆட்ட உடையிலேயே வந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, எங்கே நிற்பது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றது.

"அண்ணி, நான் காலால தட்டினேன்."

"பாத்தேன்."

"விளையாட்டுன்னு நெனச்சுட்டேன் அண்ணி. சத்தியமா."

"நானும்தான்" என்றாள். "நான்தான் மொதல்ல சிரிச்சேன்."

அவர் வாய்விட்டு அழுதார். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் தோளைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை.

"பொண்ணுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல. நான்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லிடக் கூடாது."

அதற்குள் போன் அடித்தது. மகள்தான். யாரோ முந்திக்கொண்டார்கள் என்று நினைத்தபடி எடுத்தாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"அம்மா! வீடியோ பாத்தேன்மா! யாரோ போட்டிருக்காங்க, எல்லாரும் எனக்கே அனுப்பறாங்க. ஒருத்தர்கூட தொடலையேம்மா! மஞ்சள் கார்டு வேற! அதோட கட் ஆயிடுச்சு. அப்புறம் என்ன பண்ணாரு, எந்திரிச்சுக் கும்பிடு போட்டாரா?"

அவள் சுவரைப் பார்த்தாள். சுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் சிரிப்புத்தாம்மா அதுல நல்லா கேக்குது" என்றாள் மகள், இன்னும் சிரித்துக்கொண்டே. "அப்பாகிட்ட குடு, நானே திட்டறேன். இந்த வயசுல இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"நீ தனியாவா இருக்க?"

"ஏன்?"

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ரூம்ல கூட இருக்கறவ குளிச்சிட்டிருக்கா. ஏம்மா?"

"அவ வரட்டும்."

"ஏம்மா? அப்பா எங்க?"

"அவ வரட்டும்மா. நான் லைன்லயே இருக்கேன்."

அங்கே குளியலறையில் யாரோ ஒரு பெண் மெல்லப் பாடிக்கொண்டே குளிப்பது போனில் கேட்டது. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.