அழிச்சிட்டுத் திரும்பப் போடு

எம்பிராய்டரி கடையில் என் வேலை புள்ளி வைப்பது. பூவோ மயிலோ, மெல்லிய தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்துவேன். அந்தத் தாளைத் துணிமேல் விரித்து நீலப்பொடி கட்டிய முடிச்சால் தட்டினால் புள்ளிகள் துணியில் இறங்கிவிடும். ஒரு புள்ளி விலகினாலும் மயிலுக்குக் கழுத்து ஒடிந்துவிடும். அதனால் சரியில்லாததைச் சரி என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மழலையர் வகுப்பு டீச்சர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். உங்கள் மகளுக்குப் பென்சில் இன்னும் கையில் நிற்கவில்லை, எல்லாம் கோழிக் கிறுக்கல், வீட்டில் பழக்குங்கள், இல்லையென்றால் அடுத்த வருடமும் இதே வகுப்புதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மயிலுக்கெல்லாம் கழுத்து வைப்பவளின் பிள்ளையா கோழிக் கிறுக்கல்?

அன்று மாலையே தொடங்கிவிட்டேன். அலை, வட்டம், எழுத்து என்று தாள் தாளாகக் குத்தி, வெள்ளைக் காகிதத்தில் புள்ளி இறக்கிக் கொடுத்தேன். புள்ளிமேல் பென்சிலை இழுப்பதுதான் அவள் வேலை. உருவத்துக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லாததால் அவளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். அந்த மிளகும் என்னிடம் வாலைச் சுருட்டிக்கொள்ளும். எதைக் காட்டினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கோணல், அழிச்சிட்டுத் திரும்பப் போடு. ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் ஓட்டையாகும். பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர், ஒருநாளாவது பிள்ளையிடம் நல்லாயிருக்கு என்று சொன்னால் உன் வாய் என்ன தேய்ந்தா போகும் என்பார். தேறட்டும், அப்புறம் சொல்கிறேன் என்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை படிந்து வந்தது. அப்போதுதான் அவள் கட்டிலை ஒட்டிய சுவரில், தரையை ஒட்டி, இரண்டு சின்னப் பாதங்களின் வடிவில் நீலப் புள்ளிகளைப் பார்த்தேன். பாதி புள்ளிகளை ஏற்கெனவே பென்சிலால் சேர்த்திருந்தாள். பொடி முடிச்சை எடுத்தாயா என்று காதைப் பிடித்தேன். நான் வைக்கவில்லை, தூங்கி எழுந்தபோதே இருந்தது, அம்மாதான் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன் என்றாள். வீட்டுக்காரரைக் கேட்டால், எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும் என்று சிரித்தார்.

மறுநாள் புள்ளிகள் முழங்காலுக்கு ஏறியிருந்தன. அப்புறம் பாவாடைக்கு, தோளுக்கு, தலைக்கு. பிரிந்து தொங்கிய பாவாடை ஓரத்தைக்கூட விடாமல் புள்ளிகள் சுற்றிப் போயிருந்தன. மிளகைச் சுவரோடு நிறுத்திப் பார்த்தேன். இம்மி பிசகாமல் பொருந்தினாள். என்னைவிடத் தேர்ந்த கை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

ஈரத்துணியை எடுத்து வந்து கீழிருந்து அழுந்தத் துடைத்தேன். சுவரில் வலது பாதம் போனதுதான் தாமதம், கூடத்தில் மிளகு தொப்பென்று விழுந்தாள்.

"அம்மா, என் காலைக் காணோம்."

கால் இருந்தது. கிள்ளினேன், அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்தேன். ஊசியால் குத்தி, சுவரில் புள்ளி இறக்கினேன். அவளே தவழ்ந்து போய்ப் பென்சிலால் சேர்த்தாள். கடைசிப் புள்ளியில் கட்டைவிரல் அசைந்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அதன்பின் அந்தச் சுவர்ப் பக்கம் துடைப்பம்கூடப் போகவில்லை. ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, யாரும் தொடக் கூடாது என்றேன். புதிதாகப் புள்ளி எதுவும் வரவில்லை. பிள்ளையும் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். டீச்சரே ஒருநாள் பள்ளி வாசல்வரை வந்து, இனி இவளுக்குப் புள்ளியே வேண்டாம், மனதில் பட்டதைத் தானாக வரையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். குத்திய தாள்களையெல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டேன். விட்டது பீடை என்றிருந்தது.

கடை விடுமுறையான ஒரு பிற்பகல், மிளகின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது போர்வை ஒதுங்கியிருந்தது. அவளுடைய உருவத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். நெற்றிமேல் புரளும் முடி, தோளில் கிடக்கும் பின்னல், எல்லாம் ஒரே வீச்சில் இழுத்த கோடு. நான்தான். புள்ளி ஒன்றுகூட இல்லை.

எழப் பார்த்தேன். முடியவில்லை. சுவரில் இருந்த எனக்குத் தோளுக்குக் கீழே வெறும் அழுக்குத் தேய்ப்பு. தரையெல்லாம் ரப்பர் துகள். மிளகு கட்டில்மேல் நின்று, தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையும் காலும் கோணலா வந்துச்சும்மா. அழிச்சிட்டேன். திரும்பப் போட்டா வந்துடும். என் கால் வந்துச்சில்ல?"

 கத்தினால் பதறிப்போய்த் தேய்த்துவிடுவாள். குரலைத் தணித்து, ரப்பரைக் கீழே போடச் சொன்னேன். முதலில் கையைப் போடு, கண்ணு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"முகம் சரியில்லையேம்மா."

"ரொம்ப நல்லாயிருக்கு. அம்மா மாதிரியே இருக்கு. அழிக்காதே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கோபப்படவில்லை; எனக்காகப் பரிதாபப்பட்டவள் போலத்தான் பார்த்தாள்.

"சும்மா சொல்றே. காது பெரிசா இருக்கு, பாரு."

நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல், நான் பழக்கிய மாதிரியே பக்குவமாக ஒரு காதைத் தேய்த்தாள். என் குரல் எனக்கே ஒரு பக்கம் மட்டும் கேட்டது. பிறகு அவள் மறுபக்கத்துக்கு நகர்ந்தாள்.